ஈகையும் பங்கும்

காரைக்கால் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் கரையேறிய படகின் மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ் செலவைக் கழிப்பார்கள். படகுக்கும் வலைக்கும் உரியதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அதற்குப் பெயர் பங்கு. பங்கு வாங்குகிறவன் கையேந்துவதில்லை, கணக்குக் கேட்கிறான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை, காரைக்கால் பக்கம் லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் பங்கு வாங்கிப் பழகிய கை, பிறர் உடுத்திக் கழித்த துணியை எடுக்கக் கூசாமல் என்ன செய்யும்? ஈகை அவ்வளவு பெரிய அறம் என்றால், பெறுகிறவன் ஏன் கூச வேண்டும்?

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆலை முதலாளியான டைட்டஸ் சால்ட் 1848-இல் மேயரானார். மறு ஆண்டே ஊரைக் காலரா தாக்கியது. புகையும் சாக்கடையும் நிறைந்த அந்த ஊருக்கு வெளியே புது ஆலை எழுப்பி 1853-இல் திறந்தார். அதைச் சுற்றித் தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் கட்டினார். மதுக்கடைக்கு இடம் தரவில்லை. சால்டேர் என்ற ஊர்ப் பெயரிலும் அவர் பெயர் நிலைத்தது. அவருடைய இரக்கத்தில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் வேலையும் அவருடையது, குடியிருக்கும் வீடும் அவருடையது என்றால், அங்கே வாழ்கிறவன் எதை உரிமையோடு கேட்பான்?

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஏறக்குறைய 100 தறிகளோடு நெசவாலை நடத்திய பிட்டி தியாகராயர், 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தார். (மேயர் என்ற பெயர் 1933-இல்தான் வந்தது.) அந்த ஆண்டு ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், மாணவனுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதியச் சாப்பாடு போட மன்றம் தீர்மானித்தது. அந்த ஓரணா தியாகராயர் வீட்டுப் பெட்டியிலிருந்து வரவில்லை, ஊரார் கட்டிய வரியிலிருந்து வந்தது. தட்டில் சோறு வாங்கிய பிள்ளை யாருக்கும் கடன்பட்டவன் இல்லை. கொடை உரிமையாக மாறிய இடம் இது. சொந்தக் கைப்பணத்தால் செய்யும் எந்தத் தருமத்தைவிடவும் இதை நான் மேலாக வைக்கிறேன்.

வள்ளுவரே ஈகையைப் பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினார், ஆனால் அதற்கு முன் ஒப்புரவறிதலை வைத்தார். ஊரோடு ஒத்து வாழத் தெரிந்தவனின் ஈகைதான் ஈகை என்று அந்த வரிசையை நான் படிக்கிறேன். பசித்தவன் சட்டம் வரும்வரை காத்திருப்பானா என்பது இன்னும் கனமான கேள்வி. காத்திருக்க முடியாது, வெள்ளத்தன்று சோற்றுப் பொட்டலம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைய பொட்டலத்தைக் காட்டி, ஆண்டு முழுவதும் தர வேண்டிய பங்கைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பங்கு முறையிலும் அநீதி உண்டு. படகு பெரிதாகி முதலீடு ஏற ஏற, உடைமையாளர் எடுப்பதும் ஏறுகிறது. இருந்தாலும் அந்தக் கணக்கைக் கேட்டுச் சண்டை போடலாம். கொடையில் அதற்கு வழியில்லை.

அரசு தருவதையும் அரசே பறிக்குமே என்றால், அதுவும் நடந்தது. மாநகராட்சிப் பள்ளிச் சாப்பாட்டுச் செலவை அரசு ஏற்க மறுத்ததால் 1925-இல் அது நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் தியாகராயரும் மறைந்தார். ஆனால் 1930-இல் பிரெஞ்சுப் புதுச்சேரியிலும், 1956-இல் காமராசர் ஆட்சியிலும் பள்ளிகளில் மறுபடி உலை வைத்தார்கள்.