புல்லுக்கு ஒரு நீதி

ஊருக்கெல்லாம் மறுக்கப்பட்ட ஒன்றை ஒரு சிலருக்கு மட்டும் சட்டம் அனுமதிக்குமானால், அச்சட்டத்தை நாம் நீதியானது என்று ஏற்கலாமா? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் நாம் இக்கேள்வியை ஒரு புல்தரையை முன்வைத்தே கேட்க முடியும்.

2009 ஏப்ரல் 22 முதல் இம்மாகாணத்தில் அழகுக்காகப் பீடைநாசினி தெளிப்பது தடைசெய்யப்பட்டது. 250இற்கும் மேற்பட்ட பொருட்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. வீட்டு முற்றத்தில் மஞ்சளாய்ப் பூக்கும் டன்டிலையனை நாம் கையால் பிடுங்கவேண்டியதாயிற்று. கோல்ஃப் மைதானங்களுக்கோ அதே சட்டம் விதிவிலக்கு அளித்தது.

இத்தடைக்கு ஒரு முன்கதை உண்டு. கியூபெக்கிலுள்ள ஹட்சன் என்ற சிற்றூர், ஜூன் ஏர்வின் என்ற தோல்நோய் மருத்துவரின் விடாப்பிடியான முறையீடுகளின் பின், 1991இல் இத்தகைய தடையை இயற்றியது. மருந்தடிக்கும் கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. 2001இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே நின்றது. அயலவரின் உடல்நலம் ஒருவருடைய புல்லின் அழகைவிடப் பெரிது என்பதே அத்தடையின் அடிப்படை.

அப்படியானால் கோல்ஃப் புல்லுக்கு மட்டும் ஏன் சலுகை? பந்து உருளும் தரையில் புல்லை மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். அவ்வளவு ஒட்ட வெட்டிய புல் எப்போதும் நலிந்தே இருக்கும். பங்கசு நோய் இலகுவில் பற்றும். பனிக்காலத்துக்கு முன் பங்கசுநாசினி தெளிக்காவிட்டால் வசந்தத்தில் தரை திட்டுத்திட்டாய் அழுகிக் கிடக்கலாம். நோய்க்கு இடம்கொடுப்பது விளையாட்டின் தேவை. அந்தத் தேவையே பின்னர் மருந்துக்கு நியாயமாகிறது. நுளம்பை ஒழிப்பதற்கும் பயிரைக் காப்பதற்கும் அளித்த விதிவிலக்கோடு இதனை ஒரே தராசில் வைக்க எம்மால் முடியவில்லை.

இருந்தும் சட்டம் அன்று சும்மா விடவில்லை. மைதானம் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவத்தில் அங்கீகாரம் பெறவேண்டும். மருந்தடிப்பதற்குப் பொறுப்பானவர் படித்துத் தேறிச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். முதலில் நோயைக் கண்காணித்து, நீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்து, வேறு வழியில்லாதபோதே மருந்தை நாடவேண்டும். எதனை எவ்வளவு தெளித்தார்கள் என்று ஆண்டறிக்கை எழுதி, அயலவரை அழைத்துக் கூட்டமும் வைக்கவேண்டியிருந்தது.

மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் முதுகில் தாங்கிய தெளிகருவியோடு, வெறுங்காலில், காற்றுக்கு எதிரே மருந்தடித்தவர்களைக் கண்டு வந்தவர்கள் நாம். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. அவர்களுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததும் அரிது. ஆகவே அறிவோடு கையாளவேண்டும் என்ற விதியை நாம் இலேசாக எண்ணமாட்டோம். ஆனால் அறிவு மாத்திரம் போதாது என்பதையும் இலங்கையே காட்டியது. மிகக் கொடிய சில நஞ்சுகளின் இறக்குமதி 1995இலும், என்டோசல்பான் 1998இலும் நிறுத்தப்பட்டன. அடுத்த பத்தாண்டில் தற்கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அங்கே பயிற்சியைவிட அந்த நஞ்சு கைக்கு எட்டாமற்போனதே உயிர்களைக் காத்தது.

சான்றிதழ் ஒருவருக்கு எப்படித் தெளிப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கும். தெளிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை வேலியின் இப்பால் வாழ்பவர்களுக்கு உண்டு: அதே காற்றைச் சுவாசிப்பவர்களுக்கும், அதே நிலத்தடியில் ஊறும் நீரைக் குடிப்பவர்களுக்கும். எனவே அன்றைய நிபந்தனைகளில் அறத்துக்கு மிக அண்மையில் நின்றது அயலவர் கூட்டமே என்று எண்ணுகிறோம். விதிவிலக்குப் பெற்றவர், அதைப் பெறாதவர் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது.

புலம்பெயர்ந்த நாம் இத்தகைய கூட்டங்களை இந்நாட்டவருடைய விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். வரி கட்டுகிறோம், வீடு வாங்குகிறோம், முற்றத்துக் களையைக் குனிந்து பிடுங்குகிறோம். அடுத்த வேலிக்குள் என்ன தெளிக்கிறார்கள் என்று கேட்பதும் இங்கு குடியிருப்பதன் ஒரு பகுதிதான்.