திரிகைக் கல்லை ஈடாக வாங்கலாமா?

கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் எதிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நம் கரையோர ஊர்களிலே குழுக்கடன் அறவிடும் நாள் வருகிறது. ஒரு தாய் தவணைக்குத் திண்டாடுகிறாள். நடக்கமுடியாத அவள் மகனுக்கு அஸ்வெசும திட்டத்தின் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு வங்கியில் கிடக்கிறது. 2023இல் திட்டம் தொடங்கியபோது அது மாதம் 5,000 ரூபா, பின்னர் கூட்டப்பட்டது. அதை எடுத்துக் கட்டினால் அவனுடைய மருந்துக்கு வழியென்ன? கடன் தாயுடையது, பணம் மகனுடையது. வாசற்படியில் இந்த வேறுபாட்டை யார் நினைக்கிறார்கள்?

1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை ஓரளவு நினைத்தது. அதன் 218ஆம் பிரிவு அவசியமான உடுபுடவை, படுக்கை, தொழிற்கருவி, அரச ஓய்வூதியம் முதலியவற்றைக் கைப்பற்றக்கூடாதென்றது. அஸ்வெசும அன்று ஏது? அதுவுமன்றி, அறவிட வருபவர் நீதிமன்றக் கட்டளையோடு வருவதில்லை. குழுப் பெண்கள் முன்னே உண்டாகும் வெட்கமே அவருடைய கட்டளை. வெட்கத்துக்கு அந்தப் பிரிவு தடையில்லை.

இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் திரிகைக் கல்லை ஈடாக வாங்காதே என்கிறது. அது பிழைப்பையே பறிப்பதாகும். நம் முஸ்லிம் அயலவரின் குர்ஆனும் (2:280) இடருற்ற கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டுமே கடனை ரத்துச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கொடுத்தவரின் பணமும் யாரோ ஓர் ஏழையின் சேமிப்பாயிருக்கலாமே என்பர். இருக்கட்டும். அவர் காத்திருந்தால் போவது காலம். மகனுக்குப் போவது மருந்து. குழுக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் நம் வீட்டுப் பெண்களே. "அந்தப் பிள்ளையின் காசைக் கணக்கில் எடுக்கவேண்டாம்" என்று அவர்களே முதலில் சொல்லலாம்.