வளைவுகள் தரும் வரம்

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே நேர்கோடு போட்டால் 25 கிலோமீட்டர்கூட வராது; மலைச்சாலையோ 60 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் கண்ணுக்கு எட்டிவிடும் பழனி, காலுக்கு எட்ட மணிக்கணக்காகிறது. இந்தச் சுற்று வீணல்ல. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தை வண்டி ஏறக்கூடிய சரிவாகப் பிரித்துக் கொடுப்பவை வளைவுகளே. அடிவாரத்து வெயில் சிறிது சிறிதாகக் குளிராவதையும், மாவும் தென்னையும் விலகிக் காப்பித் தோட்டம் வருவதையும், அதற்கும் மேலே மலைப்பூண்டு விளையும் அடுக்கு வயல்கள் தொடங்குவதையும் நின்று உணரவைப்பது இந்த நிதானம்தான். நோயாளியை ஏற்றிச் செல்பவருக்கும், காய்கறி மூட்டையோடு சந்தைக்கு விரையும் விவசாயிக்கும் ஒவ்வொரு வளைவும் சுமைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மலையிலேயே நல்ல மருத்துவமும் விளைபொருளைக் காக்கும் குளிர்பதனக் கிடங்கும் வேண்டும் என்பதற்கு அது காரணம். அவசரமே இல்லாதவர் அவசரப்படுவதற்கு அது காரணமாகாது. ஓர் ஊரை அடைய வேகம் போதும். அதை அறிய, வழி முழுவதும் வேண்டும்.