பெருமைக்கு அளவுகோல் உண்டா?

ஒரு விளையாட்டு வீரரை எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் என்று சொல்லும்போது மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன: அவர் எவ்வளவு சாதித்தார், அவருடைய திறமை எத்தகையது, எந்த நிலையிலிருந்து அவர் எழுந்து வந்தார். இலங்கையின் ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் கிரிக்கெட் வாதம் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனில் வந்து நிற்கும்போது இந்த மூன்றும் சேர்ந்தே எழுகின்றன. தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன் அவர். 1972இல் கண்டியில் பிறந்தார்.

முதல் கேள்விக்கு எண்கள் பதில் சொல்லும். முரளிதரன் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் எடுத்தார். ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் 145 போட்டிகளில் 708 எடுத்தார். ஆனால் முரளிதரனின் 800இல் 176 விக்கெட்டுகள் பங்களாதேஷ், சிம்பாப்வே அணிகளுக்கு எதிராகக் கிடைத்தவை. வார்னுக்கு அவ்விரு அணிகளிடமிருந்து 17 மட்டுமே. அவற்றைக் கழித்தால் முரளிதரனுக்கு 108 போட்டிகளில் 624, வார்னுக்கு 142 போட்டிகளில் 691. மொத்தத்தில் வார்ன் முந்துகிறார். ஒரு போட்டிக்கு எத்தனை என்று பார்த்தால் முரளிதரனே முன்னால் நிற்கிறார். வார்னின் மறுமுனையில் சக வீச்சாளர் மெக்ராத் போன்றவர்கள் விக்கெட்டுகளைப் பங்குபோட்டார்கள் என்பது ஒரு தரப்பின் வாதம். அத்தகைய துணை இல்லாததால் எதிரணியின் முழுக் கவனத்தையும் முரளிதரன் தாங்க வேண்டியிருந்தது என்பது மறு தரப்பின் வாதம். இரண்டும் உண்மைதான். எதைக் கழிப்பது, எதைக் கூட்டுவது என்பதை எண்கள் தாமாகச் சொல்வதில்லை. எது பெருமை என்று முன்கூட்டியே கொண்ட கருத்துதான் அதைத் தீர்மானிக்கிறது.

திறமை எத்தகையது என்ற இரண்டாவது கேள்வியில் விதிகளும் அப்படித்தான். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டாரல் ஹேர், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் கொடுத்தார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. பின்னர் நடந்த ஆய்வுகளில், முறையாகப் பந்து வீசுபவர்கள் என்று கருதப்பட்டோரின் முழங்கையும் ஓரளவு வளைந்து நிமிர்வது தெரியவந்தது. 2005இல் முழங்கை நிமிர்வதற்கு எல்லாருக்கும் பொதுவாக 15 பாகை என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. வெறுங்கண்ணுக்குக் குற்றமாகத் தெரிந்தது, அளந்து பார்த்தபோது பலரிடமும் இருந்த இயல்பு. தீர்ப்புச் சொல்பவருக்கு நேர்மை மட்டும் போதாது, சரியான அளவுகோலும் வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. மேலைத் தத்துவத்தில் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் இதை விரிவாக எழுப்பினார்கள்: ஒருவர் கையில் இல்லாத சூழல் அவருடைய வாழ்வின் விளைவைத் தீர்மானிக்கும்போது, அந்த விளைவை வைத்து அவரை மதிப்பிடுவது நியாயமா? தமிழில் இது பழைய கேள்வி. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தந்து இரண்டையும் விடாமல் வைத்திருக்கிறது.

கையில் இல்லாத சூழல் விளைவைத் தீர்மானித்ததற்கு இலங்கைக் கிரிக்கெட்டில் உதாரணம் மகாதேவ சதாசிவம். 1947இல் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தவர். இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது 1982இல். அவர் 1977இலேயே காலமாகிவிட்டார். டெஸ்ட் பட்டியலில் அவர் பெயருக்கு இடமே இல்லை. திறமை குறைந்ததால் அல்ல, காலம் பொருந்தாததால்.

தோட்டங்களில் இழப்பு இன்னும் ஆழமானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. முரளிதரனுக்குத் தந்தையின் பிஸ்கட் தொழிலும் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியும் கிடைத்தன. மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த பையனைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்குத் திருப்பிவிட அங்கே ஒரு பயிற்சியாளர் இருந்தார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது, காலையில் தொழிலாளர் வேலைக்குத் திரளும் பெரட்டுக்களமோ லயத்து வாசலோதான். சரிவில் அடித்த பந்தைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தேட வேண்டும். அங்கே எத்தனை திறமைகள் வெளிவராமல் போயின என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. முரளிதரனின் உழைப்பை இது குறைப்பதில்லை. வாய்ப்புக் கிடைத்த எல்லாரும் 800ஐத் தொட்டுவிடவில்லை.

பெரியோரைப் பட்டியலிடும் மரபு சைவத்திலும் உண்டு. சுந்தரர் தொகுத்து, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துப் பாடிய அடியார் வரலாற்றில் மன்னர் கோச்செங்கணானும், குயவரான திருநீலகண்டரும், பரதவரான அதிபத்தரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். அவர்களுக்குள் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஒவ்வொருவரும் தமக்கு வாய்த்த நிலையில், தமக்கு வந்த சோதனையில் எப்படி நின்றார் என்பதே அங்கே அளவு. பிடித்த மீன்களில் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலில் விடும் அதிபத்தர், வறுமையின் உச்சத்தில் வலையில் சிக்கிய ஒரே பொன்மீனையும் விட்டுவிட்டார். அந்தச் செயலை அரசனின் திருப்பணியோடு ஒப்பிட்டு எடை போடச் சேக்கிழார் முற்படவில்லை.

விளையாட்டில் தரவரிசையைக் கைவிட வேண்டியதில்லை. சாதனையை எண்ணலாம், ஒரே காலத்தில் ஒத்த சூழலில் ஆடியவர்களை ஒப்பிடலாம். ஆனால் அந்த வரிசை, களத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் வரிசை மட்டுமே. முதலிடத்தில் இருப்பவரைக் கொண்டாடும் சமூகம், வரிசைக்கே வர முடியாதவர்களுக்கு மைதானமும் பள்ளியும் பயிற்சியாளரும் தரக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடமை நிறைவேறும் அளவுக்கே அதன் தீர்ப்பும் நியாயமாகும்.