ஓட்டில் எழுதிய பெயர்

தமிழ் வேதாகமத்தில் ‘கர்த்தர்’ என்ற சொல் நிற்கும் இடத்திலெல்லாம் வேறொரு சொல் மறைந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தபோது இருபது வயதைத் தாண்டியிருந்தேன். பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது ஒரு பெயர். நான்கே எழுத்து: யோத், ஹே, வாவ், ஹே. 6,800 முறைக்கு மேல் வருகிறது. வாசிக்கும் யூதர் கண்ணால் அந்த நான்கெழுத்தைப் பார்த்து, வாயால் ‘அதோனாய்’ என்பார். ஆண்டவர் என்று பொருள். அந்த வழக்கம் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், கடைசியில் தமிழில் ‘கர்த்தர்’ ஆகி அமர்ந்தது.

சில இடங்களில் மட்டும் திரை விலகும். யாத்திராகமம் ஆறாம் அதிகாரத்தில் ‘யேகோவா’ என்று இருக்கிறது. ஆபிரகாம் ஆட்டுக்கடாவைக் கண்ட இடத்துக்கு ‘யேகோவாயீரே’ என்று பெயர். இந்த யேகோவாவும் நேர்ப் பெயரல்ல. ‘இங்கே அதோனாய் என்று வாசி’ என நினைவூட்டுவதற்காக நான்கெழுத்தின் மேலும் கீழும் இட்ட உயிர்க்குறிகளை, பிற்காலத்தார் அந்த மெய்களோடு சேர்த்தே ஒலித்ததால் பிறந்த வடிவம் அது. ‘யாவே’ என்று ஒலித்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு.

பல வருடம் என் கேள்வி அந்த ஒலியைப் பற்றியதாகவே இருந்தது. இப்போது அது மாறிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்ன வாய்கள் யாருடையவை? எந்த நேரத்தில், எந்தத் தேவைக்காகச் சொன்னார்கள்?

*

1935. லாகீஸ் கோட்டை வாசலை ஒட்டிய காவலறை. ஜே. எல். ஸ்டார்க்கியின் அகழாய்வுக் குழு சாம்பல் அடுக்குக்குள்ளிருந்து பானை ஓடுகளை எடுத்தது. ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள். பாபிலோனியப் படை யூதாவை ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருந்த காலம். எருசலேம் எரியப்போகும் கி.மு. 587-ஐ ஒட்டிய மாதங்கள்.

மூன்றாம் ஓட்டை எழுதியனுப்பியவன் ஹோஷாயாகு. எங்கோ ஒரு வெளிக்காவலில் இருந்தவன். யாவோஷ் என்ற மேலதிகாரி அவனுக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது என்பதுபோல ஏதோ எழுதிவிட்டார். இவனுக்கு மனம் புண்பட்டுவிட்டது. அந்தக் கடிதம் வந்ததிலிருந்து நெஞ்சு சரியில்லை என்கிறான். எனக்கு ஒருவரும் ஒருநாளும் கடிதம் வாசித்துக் காட்டியதில்லை என்று, உயிருள்ள கடவுளின் மேல் ஆணையிடுகிறான். அந்த ஆணையில் நான்கெழுத்து முழுதாக இருக்கிறது. மறைப்பு இல்லை, மாற்றுச்சொல் இல்லை. எதிரி மதிலுக்கு வெளியே நிற்கும்போது, தன் எழுத்தறிவுக்கு வந்த இழுக்கைத் துடைக்க ஒரு சிப்பாய் தன் கடவுளைப் பெயர் சொல்லி அழைக்கிறான்.

எனக்கு அவன்மேல் தனி அன்பு உண்டு.

அவன் பெயரின் முடிவிலும் அதே பெயர்தான் இருக்கிறது. ஹோஷா, யாகு: யாகு மீட்டார். யூதாவில் இப்படித்தான் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். எசேக்கியா, ஏசாயா, எரேமியா, செப்பனியா என்று நாம் தேய்த்துச் சொல்லும் பெயர்களின் வாலில் இருக்கும் ‘யா’ அதுதான். யோவானின் ‘யோ’வும், யோனத்தானின் ‘யோ’வும் அதுவே. அல்லேலூயா என்று பாடும்போது கடைசி அசையில் வருவதும் அதுவே, யாவைத் துதியுங்கள். சொல்லாமல் விட்ட பெயரை நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகள் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

லாகீஸ் கடிதங்கள் பல வணக்கத்தோடு தொடங்குகின்றன: என் ஆண்டவனுக்கு அவர் சமாதானச் செய்தி கேட்கச் செய்வாராக. ‘அவர்’ என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் பெயர் இருக்கிறது. நான்காம் ஓட்டில், லாகீசின் தீ அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசேக்காவை எங்களால் பார்க்க முடியவில்லை என்று ஒரு வரி. அசேக்கா விழுந்துவிட்டது என்பதன் அறிகுறியாகப் பலர் இதை வாசிக்கிறார்கள். அப்படிப்பட்ட இரவுகளில் அனுப்பிய வணக்கங்கள் இவை.

ரூத்தின் கதையில் போவாஸ் வயலுக்கு வந்து அறுவடைக்காரரைப் பார்த்து முதலில் சொல்வதும் இந்தப் பெயரைத்தான். பிற்கால ரபீக்கள், ஒருவர் அயலாரை அந்தப் பெயரால் வாழ்த்தலாம் என்று மிஷ்னாவில் வகுத்தபோது, சான்றாகக் காட்டியது போவாசை. அரிவாளும் வியர்வையும் நிறைந்த வயல்காட்டுப் பேச்சு, பெயருக்கு உரிய இடம் எது என்ற கேள்விக்குச் சாட்சியாக நின்றிருக்கிறது.

*

பெயர் எங்கிருந்து வந்தது?

இஸ்ரவேல் என்ற சொல்லில் அது இல்லை. அதில் இருப்பது ‘ஏல்’, கானான் முழுக்க வணங்கப்பட்ட மூத்த தெய்வத்தின் பெயர். எகிப்திய மன்னன் மெர்னெப்தா கி.மு. 1208 அளவில் நட்ட வெற்றிக்கல்லில் இஸ்ரவேல் என்ற மக்கள் முதன்முதலாகத் தென்படுகிறார்கள். அவர்களின் கடவுள் பெயர் அங்கே இல்லை. அதற்கும் முன்னால், மூன்றாம் அமென்ஹோதெப் இன்றைய சூடானில் கட்டிய சொலேப் கோயிலில், ‘யாகு நிலத்து ஷாசு’ என்று வாசிக்கத்தக்க ஒரு குறிப்பு இருக்கிறது. ஷாசு என்பது நாடோடி மேய்ப்பரைக் குறிக்க எகிப்தியர் வைத்த பெயர். இஸ்ரவேலின் மிகப் பழைய பாடல்களும் அவர் சேயீரிலிருந்து, பாரானிலிருந்து, தேமானிலிருந்து வந்தவர் என்றே சொல்கின்றன. எல்லாம் தெற்கு. வறண்ட மலை. பசுமையான கானானுக்கு வெளியே இருந்து வந்த கடவுள். இதற்கு மேல் உறுதியாக எதையும் கட்ட நான் துணியமாட்டேன்.

இஸ்ரவேலுக்கு வெளியே இந்தப் பெயர் முதன்முதலாக ஐயமின்றித் தெரிவது ஒரு பகைவனின் கல்லில். மோவாபிய அரசன் மேசா, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில், நேபோவைப் பிடித்து அங்கிருந்த யாவேயின் பொருள்களை இழுத்துவந்து தன் கடவுள் காமோசின் முன் போட்டதாகப் பெருமையடிக்கிறான். 1868-ல் திபானில் அந்தக் கல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே உடைபட்டுப்போனது. உடைபடுவதற்கு முன் தாளில் ஒற்றியெடுத்த படிதான் துண்டுகளை மறுபடி சேர்க்க உதவியது. நேபோவில் வழிபாட்டுக்கென்று பாத்திரங்களோ என்னவோ இருந்தன. யாரோ அவற்றைக் கழுவி வைத்திருப்பார்கள். மேசாவின் கல்லில் அவர்களுக்கு இடமில்லை.

*

சீனாய்ப் பாலையின் வடகிழக்கில், குந்திலெத் அஜ்ருத் என்ற தனிக் குன்று. 1975-76-ல் சீவ் மெஷெல் அங்கே அகழ்ந்தபோது, வழிப்போக்கர் தங்கியிருக்கக்கூடிய ஒரு கட்டடமும் இரண்டு பெரிய தாழிகளும் கிடைத்தன. காலம் கி.மு. 800-ஐ ஒட்டி. தாழியின் வயிற்றில் சித்திரங்கள்: கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு, யாழ் மீட்டும் உருவம். இடையிடையே எழுத்து. சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும் உனக்கு ஆசி என்று ஒரு வாழ்த்து. இன்னொன்றில் தேமானின் யாவேயும் அவருடைய அசேராவும்.

அசேரா யார்? உகாரித் நகரின் களிமண் பலகைகளில் அவள் ஏலின் துணைவி, தெய்வங்களின் தாய். வேதாகமத்தில் அந்தச் சொல் சில இடங்களில் தேவியையும், பல இடங்களில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நட்ட மரக்கம்பத்தையும் குறிக்கிறது. தாழியில் எழுதியவர் மனத்தில் இருந்தது தேவியா கம்பமா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட, எபிரோன் பக்கத்து கிர்பெத் எல்-கோமில் கிடைத்த கல்லறை எழுத்து நெருக்கமானது. உரியாகு என்பவருக்காக வெட்டியது. அங்கேயும் யாவே, அங்கேயும் அவருடைய அசேரா; எழுத்துக்குக் கீழே விரல்கள் கீழ்நோக்கிய ஒரு கை. சாவின் வாசலில், துயரத்தில், இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அசேரா பெரும்பாலும் ‘தோப்பு’ ஆகிவிட்டாள். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை மரச்சோலை என்று பெயர்த்ததன் தொடர்ச்சி அது. யோசியா ராஜா எருசலேம் ஆலயத்திலிருந்து ‘தோப்பு விக்கிரகத்தை’ வெளியே கொண்டுபோய்ச் சுட்டெரித்தான் என்று சிறுவயதில் வாசித்து, ஒரு தோப்பு எப்படி ஆலயத்துக்குள் இருக்கும் என்று திகைத்திருக்கிறேன். அதே அதிகாரத்தில், அசேராவுக்காகப் பெண்கள் ஆலய வளாகத்திலேயே துணி நெய்துகொண்டிருந்தார்கள் என்றும் வருகிறது. எழுதியவர் அருவருப்போடு எழுதினார். ஒரே கடவுளுக்கு ஒரே ஆலயம், பக்கத்தில் எதுவும் வேண்டாம் என்ற அந்தத் தீர்மானத்திலிருந்துதான் பின்னால் உலகை மாற்றிய நம்பிக்கை வந்தது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தறிகளை என்னால் மறக்க முடிவதில்லை. நெய்தவர்களுக்கு அது துரோகமாகத் தோன்றியிருக்காது.

*

ஆராத் கோட்டைக்குள் ஒரு சிறிய கோயில் இருந்தது. எருசலேமுக்கு வெளியே, யூதாவின் தென்னெல்லையில். கருவறையில் நட்ட கல், படியில் இரண்டு சுண்ணாம்புக்கல் தூபபீடங்கள். பிறகு யாரோ பீடங்களைப் பக்கவாட்டில் சாய்த்து மண்ணால் மூடிவிட்டார்கள். 2020-ல் வந்த ஆய்வு, அவற்றின் உச்சியில் படிந்திருந்த கருமையைச் சோதித்துச் சொன்னது: பெரியதில் விலங்குக் கொழுப்போடு சேர்த்து எரித்த குந்திரிக்கம், சிறியதில் சாணத்தோடு சேர்த்துப் புகைத்த கஞ்சா. குந்திரிக்கம் அராபியாவின் தெற்கிலிருந்து பாலை கடந்து வரவேண்டிய பிசின்.

உடைக்காமல் சாய்த்து மூடியதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

*

எலிபண்டைன் தீவு, அசுவானுக்கு எதிரே, நைல் நடுவில். பாரசீகர் ஆட்சியில் அங்கே யூதப் படைவீரர்களின் குடும்பங்கள் வாழ்ந்தன. தங்கள் கடவுளை ‘யாகோ’ என்று மூன்றெழுத்தில் எழுதினார்கள். அவருக்கு ஒரு கோயிலும் கட்டியிருந்தார்கள். வேதப் புத்தகம் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தவை கடிதங்களும் பத்திரங்களும்.

கோயில் பணியாளர் அனனியா, கி.மு. 449-ல் தாமேத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்தார். அவள் மெசுல்லாம் என்பவரின் உடைமை. மணந்த பிறகும் அடிமைதான். பிறந்த மகளுக்கு யெகோயிஷ்மா என்று பெயர். யாகோ கேட்பார். கி.மு. 427-ல், மெசுல்லாம் முதுமையில், தன் சாவுக்குப் பின் தாயும் மகளும் விடுதலை என்று எழுதிக்கொடுத்தார். அதுவரை அவருக்கும், பிறகு அவர் மகனுக்கும், பெற்றவர்களைத் தாங்கும் பிள்ளைபோல அவர்கள் துணையிருக்க வேண்டும் என்று நிபந்தனை. இந்தத் தாள்களை 1893-ல் சார்லஸ் வில்பர் வாங்கினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அவை பெட்டிக்குள்ளேயே கிடந்து, பிறகு புரூக்ளின் அருங்காட்சியகம் சேர்ந்தன.

அடிமையாகப் பிறந்த ஒரு குழந்தையைத் தாய் ஒவ்வொரு முறை அழைத்தபோதும், கேட்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் எகிப்தியப் பெண். அவள் நாவில் அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்கும்?

கி.மு. 410-ல் எகிப்தியத் தெய்வம் கிநூமின் கோயில் பூசாரிகள் தூண்டியதில் யாகோவின் கோயில் இடிபட்டது. மூன்று ஆண்டு கழித்து அந்த மக்கள் யூதாவின் ஆளுநருக்கு எழுதினார்கள்: இரட்டு உடுத்தியிருக்கிறோம், நோன்பிருக்கிறோம், எண்ணெய் பூசவில்லை, திராட்சரசம் குடிக்கவில்லை, எங்கள் மனைவியர் விதவைகள்போல் இருக்கிறார்கள். வந்த பதிலில் உணவுப் படையலுக்கும் தூபத்துக்கும் அனுமதி இருந்தது. தகனபலி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

*

பிறகு பெயர் மெல்ல மெல்ல உதட்டை விட்டு உள்ளே போனது. கும்ரான் சுருள்களில் சில எழுத்தாளர்கள் அந்த இடம் வந்ததும் பழைய எபிரெய வடிவத்துக்கு மாறினார்கள். வேறு சிலர் நான்கு புள்ளி மட்டும் வைத்தார்கள். எருசலேமில் பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் வாயால் அது வரும்போது கூட்டம் முகங்குப்புற விழும் என்கிறது மிஷ்னா.

ரபீ தர்போன் ஆசாரியர் குடும்பம். சிறுவயதில் தாய்மாமன் பின்னால் மேடையேறிப்போய்க் காதைச் சாய்த்துக் கேட்டதை, ஆலயம் அழிந்து வெகுகாலம் கழித்து நினைவுகூர்ந்தார் என்று தல்மூத் சொல்கிறது. சக ஆசாரியர்களின் இசைக்குள் பிரதான ஆசாரியர் அந்தப் பெயரை விழுங்கியதை அவர் கேட்டார்.

விழுங்கியதைக் கேட்ட காது. இந்தக் குறிப்பேட்டில் அதிக நேரம் இந்த வரியின் முன்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

*

1979. எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்கின் சரிவில், கெதெப் இன்னோம் கல்லறைக் குகையில், கப்ரியேல் பர்காயின் குழுவுக்கு இரண்டு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. தாயத்துகள். காலம் கி.மு. 600-ஐ ஒட்டி, முதல் ஆலயம் இன்னும் நின்றிருக்கலாம். சிறியது விரித்தால் நாலு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம். பிரிக்கும் வழி கண்டு, தகடு நொறுங்காமல் விரித்து எடுக்க மூன்று ஆண்டு ஆயிற்று. கூரிய முனையால் கீறிய, மயிரிழை போன்ற எழுத்துகள். உள்ளே இருந்தது, எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் ஆசாரியர் மக்களுக்குச் சொல்லும் ஆசி.

சுருட்டிய பிறகு அணிந்தவரும் அதை வாசித்திருக்க முடியாது. உடம்போடு கிடந்தது, அவ்வளவுதான்.

எண்ணாகமத்தைத் திறந்து அந்த ஆசியை வாசிக்கிறேன். மூன்று முறை ‘கர்த்தர்’ வருகிறது. ஒவ்வொரு முறையும் சற்று நின்று, பிறகு அடுத்த சொல்லுக்குப் போகிறேன்.