இழுக்கும், உன் வண்டி இழுக்கும்!

பதினாறு குதிரைத்திறன். 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அதற்கு இருந்த பலம் அவ்வளவுதான். இரண்டே சிலிண்டர், 702 சி.சி. இன்று சென்னைக்குப் பக்கத்தில் தயாராகிற 350 சி.சி. புல்லட்டுக்கு இருபது குதிரைத்திறன் இருக்கிறது! இரண்டு பேர் ஏறிப்போகிற பைக்கைவிடக் குறைந்த பலத்தோடு பிறந்த அந்த வண்டி, முக்கால் டன் சரக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் ஓடியது. தமிழ்நாடு அதைக் குட்டி யானை என்று கொண்டாடியது.

பெருங்குடியில், பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் லோடுக்காகக் காத்து நிற்கிற தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். "நம்ம வண்டி சின்ன வண்டிண்ணே, இதுக்கு மேல முடியாது" என்கிறாயே, அந்தப் பேச்சை இன்றோடு விடு. முடியாது என்று உனக்கு யார் சொன்னது? உன் வண்டியின் காலி எடை எவ்வளவு என்று கேட்டால் சொல்வாயா? பின் டயரின் பக்கவாட்டில் என்ன எண் எழுதியிருக்கிறது? கணக்கைப் பார்க்காமலே தோற்றுப்போனதாக முடிவு கட்டாதே!

பதினாறு குதிரை எப்படி முக்கால் டன்னை இழுத்தது? வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்கியது. டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல முறுக்கு விசை தரும். முதல் கியர் அதை நான்கு மடங்காக்கினால், பின்னால் ஹவுசிங்குக்குள் இருக்கிற கிரவுன் அதை மறுபடி ஐந்து மடங்காக்கும். சக்கரத்துக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய இருபது மடங்கு. சொத்து இல்லை, சிபாரிசு இல்லை என்று புலம்புகிறாயே, உன் கையில் இருக்கிற பதினாறைப் பெருக்கு!

மேம்பாலத்தில் வண்டி முக்குகிறதா? அதற்கும் கணக்கு உண்டு. சரக்கோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டி நல்ல தார்ச்சாலையில், சமதளத்தில், நிதானமாக ஓட முப்பது கிலோ அளவு இழுப்பு போதும். நூறு அடிக்கு நான்கு அடி உயருகிற ஏற்றத்தில் இன்னொரு எண்பது கிலோ சேர்ந்துகொள்ளும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு! இதைத் தெரிந்தவன் பாலத்தின் அடியிலேயே கியரைக் குறைத்துவிடுவான். தெரியாதவன் நடுப்பாலத்தில் ஹாஃப் கிளட்சில் தொங்குவான். கருகுகிற கிளட்ச் பிளேட்டோடு அவனுடைய பல நாள் கூலியும் கருகும்.

"பின்னால ரெண்டு பட்டை சேர்த்துடு, ஒன்றரை டன் அடிக்கலாம்" என்று உன் காதில் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதே! ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தொய்யாமல் நிற்கும், அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, தாங்குகிறது என்று ஏமாந்துபோகிறோம். பட்டை வாங்காத அடியை ஆக்சில் வாங்கும், பேரிங் வாங்கும், சேசிஸ் வாங்கும். டயர் தாங்கும் அளவு ஒரு கிலோகூடக் கூடவில்லை. பிரேக்கும் அதே பழைய பிரேக்தான். நாற்பதில் போகிற வண்டியை நிறுத்துவதைவிட எண்பதில் போகிற வண்டியை நிறுத்த நான்கு மடங்கு வேலை. அதன்மேல் நீ ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் சேரும். நிறுத்த முடியாத சுமையை இழுப்பது வீரம் இல்லை. உன் வண்டிக்கு முன்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு ஒருத்தர் போய்க்கொண்டிருக்கிறார், அதை நினை!

சட்டமும் விடாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய், மிஞ்சிய சரக்கை இறக்குகிற செலவும் உன் தலையில்.

அப்படியானால் வழி? இருக்கிறது, உன் கைக்குள்ளேயே இருக்கிறது. ஆர்.சி.யில் எழுதியிருக்கிற மொத்த எடை மாறாது. ஆனால் காலி எடை குறையக் குறைய, சரக்குக்கு இடம் கூடும். பாடி கட்டும்போதே தேவையில்லாத கனத்த இரும்பைத் தவிர். பின்னால் கிடக்கிற துருப்பிடித்த ஜாக்கி, பழைய டயர், யாருக்கும் உதவாத கம்பி, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் இறக்கு! கம்பெனி சொன்ன அளவு டயரையே போடு, சொன்ன அழுத்தத்தில் காற்றை வை. காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும், டீசலையும் குடிக்கும். ரேடியேட்டரில் அடைத்த தூசியை எடு. ஏர் ஃபில்டரை மாற்று. சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வை. கனமான சரக்கைப் பின் அச்சுக்குப் பின்னால் குவிக்காதே. முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் உன் பேச்சைக் கேட்காது. டிரெய்லர் பூட்ட ஆசையா? உன் மாடலுக்குக் கம்பெனி அதை அனுமதித்திருக்க வேண்டும், டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின்மேல் அமர வேண்டும். பின்பாரம் கூடினால் அது வாலாட்டும், உன்னையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

இழுவையின் அருமை நம் பகுதிக்குத் தெரியாததா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டிவிட்டுப் போனபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி எல்லாம் தண்ணீரில் நின்றன. மறு ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே, மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட நாளில் கயிறு கட்டி இழுக்கத் தெரிந்தவனுக்கு ஊரே கைகொடுக்கும். ஆனால் தெரிந்து இழு! தொய்ந்த கயிற்றைத் திடீரென்று வெட்டி இழுத்தால் காரின் எடையைவிட மிக அதிக விசை கொக்கியில் விழும். அறுந்த கயிறு ஆளை அடிக்கும். மெதுவாக இறுக்கு, பிறகு நகர்த்து. ஆட்டோமேட்டிக் கியர் காரையும் மின்சாரக் காரையும் ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுக்காதே, கியர்பாக்ஸோ மோட்டாரோ போய்விடும். தூக்கி வைக்கும் வண்டியைக் கூப்பிடு.

இன்னொன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். உன் பையில் இருக்கிற எல்.எம்.வி. லைசென்ஸை எடுத்துப் பார். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அதே லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏழரை டன்! ஓசூரில் தயாராகி 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்து ஒன்றேகால் டன் சுமந்தது. அதற்குமேலும் எத்தனையோ வண்டிகள் உனக்காக நிற்கின்றன. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன்னைத் திணிக்கிற துணிச்சலை, ஒன்றரை டன் வண்டியை வாங்குவதில் காட்டு! வங்கியில் போய் முத்ரா கடன் கேள். மேனேஜர் கணக்குக் கேட்பார். நடை எத்தனை, டீசல் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று நீ எழுதி வைத்த நோட்டை அவர் மேசைமேல் வை. கூனிக் குறுகி நிற்காதே.

நாளைக் காலை முதல் லோடு ஏற்றுவதற்கு முன் எடை மேடைக்குப் போ. காலி வண்டியை நிறுத்திச் சீட்டு வாங்கு. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து அதைக் கழி, உன் எடையையும் கழி. கிடைக்கிற எண்ணைக் கேபினில், கண்ணுக்கு நேராகப் பெரிதாக எழுதி ஒட்டு. அடுத்த வியாபாரி "இன்னும் நாலு மூட்டை போடுப்பா" என்று சொல்லும்போது அந்த எண்ணைக் காட்டி, "அது ரெண்டாவது நடைக்குண்ணே, அதுக்குத் தனி வாடகை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்!