நாட்கணக்கும் மன ஆறுதலும்

தினமும் நாட்குறிப்பு எழுதினால் மனம் இலேசாகும் என்று மனநல ஆலோசகரும் சொல்கிறார், யோகா ஆசிரியரும் சொல்கிறார். இதற்கென்றே அச்சிட்ட நோட்டுகள் கடைகளில் விற்கின்றன. தனித்தனி வழியில் வந்த இரண்டு பழக்கங்கள் இந்த யோசனையில் சேர்ந்திருக்கின்றன. நாள் தவறாமல் தன்னைக் கணக்குப் பார்ப்பது சமய, தத்துவ மரபுகளிலிருந்து வந்தது. நெஞ்சை அடைப்பதை எழுதித் தீர்ப்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தது உளவியல். இரண்டும் ஒரே ஆறுதலைத்தான் தருகின்றனவா?

நாட்கணக்குக்குப் பழைய சான்று ரோமானியத் தத்துவவாதி செனெக்கா. கி.பி. முதல் நூற்றாண்டில் சினத்தைப் பற்றி அவர் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் தம் இரவுப் பழக்கம் ஒன்றை விவரிக்கிறார். விளக்கை எடுத்துப் போய்விடுவார்கள். பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்வாள். அன்று செய்தது, சொன்னது எதையும் மறைக்காமல் அவர் ஆராய்வார். யாரிடம் வார்த்தை தடித்தது, எந்த வீண்வாதத்தில் போய் மாட்டிக்கொண்டோம் என்று பார்த்து, இனி வேண்டாம் என்று தமக்கே சொல்லி, அந்தத் தடவைக்குத் தம்மை மன்னித்துவிடுவார். அதன்பின் வரும் தூக்கம் நிம்மதியானது என்கிறார். மன்னிப்போடு கணக்கு அன்றிரவே தீர்ந்துவிடுவதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

செனெக்கா இதை மனத்துக்குள் செய்தார். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், டான்யூப் எல்லைப் போர்களின் நடுவே, தமக்கென்று கிரேக்க மொழியில் எழுதினார். அக்குறிப்புகளில் அன்றன்று நடந்தது அநேகமாக இல்லை. ஒரே அறிவுரை வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. படிப்பவருக்குச் சலிப்புத் தட்டலாம். எழுதியவருக்கு அதுதான் பயிற்சி.

துறவிகளுக்கு எழுத்து வேறு விதத்தில் பயன்பட்டது. செயல்களையும் உள்ளத்தின் அசைவுகளையும் சக துறவியிடம் சொல்லப்போவதுபோல் எழுதி வைக்கும்படி எகிப்தின் வனத்து அந்தோணியார் சீடர்களிடம் சொன்னதாக, நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியார் எழுதிய வரலாறு கூறுகிறது. பாலைவனத்தில் தனித்திருப்பவனைப் பார்க்க ஆளில்லை. அவன் எழுதும் ஏடு அவனைப் பார்க்கும். வெட்கம் அவனைக் காக்கும்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இந்தத் தன்னாய்வைக் கோடும் புள்ளியுமாகச் சுருக்கினார். ஒழிக்க விரும்பும் குறை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அது தலைகாட்டும் ஒவ்வொரு முறையும் அன்றைய கோட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு நேற்றைய புள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். முறை எளிது. ஆனால் அதை வகுத்தவர் அதற்கு முன் பட்ட பாடு எளிதல்ல. 1522-ல் மொன்செராத் மடத்தில் தம் பாவங்களை எழுதிவைத்து, மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தவர் அவர். பிறகு மன்ரேசாவில் தங்கியபோது, ஏதேனும் விடுபட்டிருக்குமோ என்ற ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தும் அது அடங்கவில்லை. தற்கொலை எண்ணம் வரை போய்விட்டது. பழையதை இனிக் கிளறுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் மீண்டார். தன்னாய்வு நோயாகவும் முற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தமிழ் மண்ணில் பிறந்தவர் ஒருவரும் இப்படி ஒரு முறையை வகுத்தார். 1887-ல் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராக வேலை பார்த்து, ரிஷிகேசத்தில் துறவியாகி, 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் அவர். அவருடைய ஆன்மிக நாட்குறிப்பு ஓர் அட்டவணை. எழுந்த நேரம், தூங்கிய மணி, உருட்டிய ஜபமாலைகள், மௌனம் காத்த நேரம், கொடுத்த தருமம், சொன்ன பொய்கள், கோபம் வந்த தடவைகள், அதற்குத் தனக்கே விதித்துக்கொண்ட தண்டனை என்று கேள்விகள் நீள்கின்றன. பதில்கள் பெரும்பாலும் எண்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் அட்டையின் சாயல் அதில் தெரிந்தால் வியப்பதற்கில்லை. இன்று மனம் எப்படியிருந்தது என்று கேட்கும் கட்டம் மட்டும் கிடையாது.

அது தற்செயல் அல்ல. வேதாந்தப் பார்வையில் மகிழ்ச்சியும் சோர்வும் வந்து போகும் அலைகள். அவற்றை நாள்தோறும் எழுதி வளர்த்தால் ‘நான்’, ‘எனது’ என்ற பற்றுதான் தடிக்கும். செயலையோ எண்ணலாம், திருத்தலாம். மனநல நோக்கில் நாட்குறிப்பைப் பரிந்துரைப்பவர்கள் இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

உளவியல் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்க்கையை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்தே எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பின்னர் நடந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சிறியதுதான் என்று தெரிந்தது. காரணத்தையும் புரிதலையும் காட்டும் சொற்கள் யாருடைய எழுத்தில் நாளுக்கு நாள் கூடினவோ, அவர்களுக்கே நன்மை அதிகம். தொடக்கத்திலிருந்த புலம்பலிலேயே நின்றவர்களுக்கு அவ்வளவு கிட்டவில்லை.

அந்தோணியாரும் மார்க்கஸ் அரேலியஸும் நீங்கலாக, மேலே கண்ட மரபுகள் செயலையே கணக்கெடுத்தன. உணர்ச்சியைத் தினமும் எழுதச் சொல்லவில்லை. பென்னிபேக்கர் உணர்ச்சியை எழுதச் சொன்னார். ஆனால் நான்கே நாள். உணர்ச்சிகளை ஆண்டு முழுக்க எழுதும் இன்றைய வழக்கத்துக்குச் செனெக்காவின் மன்னிப்பும் இல்லை, நான்கு நாள் வரம்பும் இல்லை. கணக்கை முடிக்க வழி வைக்காத நோட்டு மன்ரேசாவுக்கே கொண்டுபோய் விடும். பென்னிபேக்கரே தினசரி எழுத்தை வலியுறுத்துபவர் அல்ல. மனம் நெருக்கடியில் இருக்கும்போது எழுதலாம், தெளிந்ததும் நிறுத்திவிடலாம், எழுத எழுத வேதனை கூடினால் உடனே விட்டுவிட வேண்டும் என்பதே அவருடைய அறிவுரை.